‘மிலிட்டரி ஆட்சி வந்தாத்தான் நாடு உருப்படும்’: இந்தப் பேச்சை எப்படி விசாரிப்பது?

சென்னையில் இந்தப் பேச்சு காதில் விழாத மாதம் கிடையாது. மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கும்போது டீக்கடையில் ஒருவர் சொல்வார். தாலுகா ஆபீஸில் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பப்பட்டவர் படியிறங்கிக்கொண்டே சொல்வார்: "பத்து வருஷம் மிலிட்டரிகிட்ட கொடுத்துப் பாருங்க, எல்லாம் நேராயிடும்." பிள்ளைக்கு ஃபீஸ் கட்டி, பக்கத்து வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஓடுகிற நல்ல மனிதர்தான் இதைச் சொல்கிறார். ப்யூ ஆய்வு மையம் 2017-ல் 38 நாடுகளில் கேட்டபோது, ராணுவ ஆட்சி தங்கள் நாட்டுக்கு நல்லது என்று சொன்ன இந்தியர்கள் 53 சதவீதம். அதே ஆய்வில் மக்கள் பிரதிநிதிகள் ஆள்வது நல்லது என்றவர்கள் அதைவிட அதிகம். அப்படியென்றால் கணிசமானோர் இரண்டுக்குமே தலையாட்டியிருக்கிறார்கள்.

இந்த மனநிலையைத் திட்டிப் பயனில்லை, விசாரித்துப் பார்க்கலாம். உலகில் எங்கெல்லாம் சாதாரண மக்கள் ஒரு சர்வாதிகாரியையும் அவர் பின்னால் நிற்கும் தளபதிகளையும் ஆதரித்தார்களோ, அங்கெல்லாம் போய் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: குறிப்பிட்ட அந்தத் தேதியில் ‘சரி’ என்றவருக்கு என்ன கிடைத்தது, ‘முடியாது’ என்றவருக்கு என்ன போனது? சென்னையில் ஒரு சிறு குழு இதை ஆறு அமர்வுகளில் எப்படிச் செய்யலாம் என்பதற்கான வழி இது. வாசிப்பு வட்டம், கல்லூரி வகுப்பு, குடியிருப்போர் சங்கம், யாருக்கும் பொருந்தும்.

ஆட்களும் இடமும்

எட்டு முதல் பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பத்தில் இரண்டு பேராவது 1957-க்கு முன் பிறந்தவர்களாக இருக்கட்டும். 1975-ல் வந்த அவசரநிலையின்போது விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் அவர்கள்தான். ஒவ்வோர் அமர்வும் இரண்டு மணி நேரம், வாரம் ஒன்று.

யார் வீட்டு ஹாலிலும் கூடாதீர்கள். வீட்டுக்காரர் காபி கொடுத்த பிறகு அவர் கருத்தை மறுத்துப் பேச நம் ஊரில் வாய் வராது. கட்சி அலுவலகம், மத நிறுவனத்தின் கூடம் இவையும் வேண்டாம். கிளை நூலகத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். கல்லூரி வகுப்பறை கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு விதியை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்: முதல் மூன்று அமர்வுகளில் இன்று உயிரோடு இருக்கும் எந்த இந்தியத் தலைவரின் பெயரும் வரக்கூடாது. இந்த விதி மீறப்பட்ட ஐந்தாவது நிமிடத்தில் விசாரணை முடிந்து கட்சிச் சண்டை தொடங்கிவிடும். நான்காவது அமர்விலிருந்து வரட்டும். அதற்குள் கேட்கும் பழக்கம் வந்திருக்கும்.

ஹிட்லரில் தொடங்காதீர்கள். எல்லோருக்கும் முடிவு தெரியும், ஆகவே எல்லோரும் பின்னாலிருந்து படிப்பார்கள். ஆதரித்தவர்கள் அத்தனை பேரும் அரக்கர்களாகவோ முட்டாள்களாகவோ தெரிவார்கள். சுதந்திரமாக நடந்த கடைசித் தேர்தலில், 1932 நவம்பரில், நாஜிக் கட்சி வாங்கியது 33 சதவீதம்தான் என்பதும், ஆட்சியைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டி நடத்திய 1933 மார்ச் தேர்தலிலும் 43.9-க்கு மேல் போகவில்லை என்பதும் முக்கியமான தகவல்கள். ஆனால் அவற்றின் எடை பின்னால்தான் புரியும். தென் கொரியாவில் தொடங்குங்கள், அடுத்து சிலிக்குப் போங்கள். அங்கே ஆதரித்தவர்களின் முகம் நம் தெருக்காரர் முகம் போலவே இருக்கும்.

முதல் அமர்வு: ஒரு சார்ட், ஐந்து கட்டம்

பெரிய சார்ட் பேப்பர் ஒன்றில் ஐந்து கட்டம் கோடு போடுங்கள். ஆள் யார், தேதி என்ன, கையில் என்ன கிடைத்தது, யாரிடமிருந்து என்ன போனது (அது இவருக்குத் தெரியுமா), மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். இவ்வளவுதான் கருவி. ஆனால் நிரப்புவது லேசில்லை, ஏனென்றால் ‘மக்கள்’ என்று எழுத இதில் இடம் கிடையாது. ‘தென் கொரியக் கிராமத்தில் ஒரு விவசாயியின் மனைவி, 1971’ என்று எழுத வேண்டும்.

அவரையே எடுத்துக்கொள்வோம். பார்க் சுங் ஹீ 1961 மே 16 அன்று ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த தளபதி. 1970-ல் ‘செமாயுல்’ என்ற கிராம இயக்கத்தைத் தொடங்கி, நாட்டில் இருந்த 33,000-க்கும் அதிகமான கிராமங்கள் ஒவ்வொன்றுக்கும் 335 மூட்டை சிமெண்ட் அனுப்பினார். நிபந்தனை ஒன்றுதான்: தனி வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடாது, பொது வேலைக்கு மட்டும். கிராமமே கூடி முடிவெடுத்தது. கிணறு கட்டினார்கள், பாதை போட்டார்கள், ஓடைக்குப் பாலம் வைத்தார்கள். முதல் வருடம் நன்றாகச் செய்த கிராமங்களுக்கு மட்டும் அடுத்த சுற்றில் 500 மூட்டையும் ஒரு டன் கம்பியும் வந்தன. செய்யாத கிராமத்துக்கு ஒன்றும் இல்லை.

இப்போது மூன்றாவது கட்டத்தை நிரப்புங்கள். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் சேறு போய் சிமெண்ட் பாதை வந்தது. கூரை போய் ஓடு வந்தது. தன் கையால் கலவை சுமந்து போட்ட பாதை என்பதால், அதைக் கொடுத்த ஆட்சியும் ‘நம்ம ஆட்சி’ ஆகிவிட்டது. நான்காவது கட்டத்துக்கு வாருங்கள். 1972 அக்டோபரில் அதே பார்க் நாடாளுமன்றத்தைக் கலைத்து, நேரடி அதிபர் தேர்தலையே ஒழித்தார். சியோலில் மாணவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆலைகளில் பெண் தொழிலாளர்கள் சங்கம் வைக்க முயன்று அடிவாங்கினார்கள். கிராமத்துப் பெண்ணுக்கு இது எவ்வளவு தெரியும்? தெரிந்தாலும் தன் வீட்டுப் பாதையோடு அதைச் சேர்த்து எண்ண அவருக்கு என்ன காரணம் இருந்தது? குழு இந்த இடத்தில் அரை மணி நேரம் நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பார்க் 1979 அக்டோபர் 26 அன்று தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 33 ஆண்டுகள் கழித்து, சுதந்திரமான தேர்தலில், அவர் மகள் 51.6 சதவீத வாக்குடன் அதிபரானார். வயதானவர்கள் பெருவாரியாக அவருக்குப் போட்டார்கள். பயம் போய் ஒரு தலைமுறை ஆன பிறகும் நின்ற ஆதரவு இது. இதை ‘மிரட்டிப் பணியவைத்தார்கள்’ என்ற ஒரே வரியில் அடைக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. குழுவில் யாராவது, "அப்போ சர்வாதிகாரம் நல்லதுதானே செஞ்சிருக்கு?" என்பார். அவரை அடக்காதீர்கள். ஐந்தாவது கட்டத்தைக் காட்டுங்கள். பாதை போட்டது சிமெண்டும் கிராமத்தார் உழைப்பும். ‘சிமெண்ட் வேண்டும், ஆனால் தேர்தலும் வேண்டும்’ என்று சொல்ல அந்தக் கிராமத்துக்கு வழி இருந்ததா? அந்தக் கட்டத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

வாக்குச் சதவீதத்தைப் படிப்பது

சர்வாதிகாரிகளும் வாக்கெடுப்பு நடத்துவார்கள், பெரிய சதவீதம் காட்டுவார்கள். ‘98 சதவீதமா, அப்போ பொய்’ என்று ஒதுக்குவதும் தவறு, ‘98 சதவீதம் மக்கள் ஆதரவு’ என்று நம்புவதும் தவறு. ஐந்து கேள்வி கேளுங்கள். கேள்வியை எழுதியது யார்? வாக்காளர் பட்டியல் இருந்ததா? சீட்டு ரகசியமா? எதிர்த் தரப்புக்குப் பேச இடம் கிடைத்ததா? ‘இல்லை’ ஜெயித்தால் ஆட்சி போகுமா?

சிலியை வைத்துப் பழகுங்கள், இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். தளபதி பினோசே 1973 செப்டம்பர் 11 அன்று ஆட்சியைப் பிடித்தார். 1978-ல் ஒரு ‘கலந்தாய்வு’ நடத்தினார். சீட்டில் ‘ஆம்’ பக்கம் சிலி நாட்டுக் கொடி, ‘இல்லை’ பக்கம் கறுப்புக் கட்டம். 75 சதவீதம் ‘ஆம்’. 1980-ல் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. வாக்காளர் பட்டியலே கிடையாது, ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தது. 67 சதவீதம் ‘ஆம்’. 1988 அக்டோபர் 5 அன்று, அவர் மேலும் எட்டு ஆண்டு தொடரலாமா என்ற கேள்வி வந்தபோது பட்டியல் புதிதாகத் தயாராகியிருந்தது, எதிர்க்கட்சிகளின் முகவர்கள் எண்ணிக்கையைக் கண்காணித்தார்கள், தொலைக்காட்சியில் தினமும் 15 நிமிடம் ‘இல்லை’ தரப்புக்குக் கிடைத்தது. ‘இல்லை’ 56, ‘ஆம்’ 44.

பெரும்பாலான குழுக்கள் இங்கே 56-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எழுந்துவிடும். உட்காரச் சொல்லுங்கள். நமக்கு வேண்டிய எண் 44. சீட்டு ரகசியம், பயம் குறைவு, பதினைந்து ஆண்டுச் சித்திரவதைக் கதைகள் வெளியே வந்தாயிற்று. அப்படியும் நூற்றில் 44 பேர் ‘ஆம்’ என்றார்கள். ஏன்? 1973-ல் பணவீக்கம் 500 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கடையில் மாவு கிடையாது, எண்ணெய் கிடையாது. 1971 டிசம்பரிலேயே பெண்கள் காலிப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். லாரி முதலாளிகள் 1972 அக்டோபரில் வண்டியை நிறுத்தினார்கள். அந்தத் தட்டுப்பாட்டில் அமெரிக்காவின் கையும் இருந்தது, உள்ளூர்ப் பணக்காரர்களின் கையும் இருந்தது, ஆட்சியின் தவறுகளும் இருந்தன. வரிசையில் நின்றவருக்கு நினைவிருந்தது வரிசை மட்டும்தான். ‘ஆம்’ தரப்பு விளம்பரங்கள் 1988-ல் அந்த வரிசையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. சாகும்வரை ஆதரிப்பவர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்கள்: தளபதியை நேசித்ததைவிட அதற்கு முந்தைய நாளைக் கண்டு பயந்தவர்கள்.

மற்ற இரண்டு உதாரணங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பாகிஸ்தானில் தளபதி ஜியா உல் ஹக் 1984 டிசம்பரில் கேட்டது, இஸ்லாமிய நெறிப்படி சட்டங்களை அமைக்கும் நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா என்று. ‘ஆம்’ என்றால் அவர் ஐந்து வருடம் அதிபர் என்று பொருள். மத நம்பிக்கையுள்ள ஒருவர் அதற்கு எப்படி ‘இல்லை’ போடுவார்? பர்மாவில் நர்கிஸ் புயல் 2008 மே 2, 3 தேதிகளில் அடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராணுவம் மே 10 அன்றே நாட்டின் பெரும்பகுதியில் அரசியல் சட்ட வாக்கெடுப்பை நடத்தி, கடைசியில் 92 சதவீதம் ‘ஆம்’ என்று அறிவித்தது. ஐந்து கேள்விகளையும் போட்டுப் பாருங்கள், எண்ணில் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும்.

நம் ஊர்ப் பாடம்: 1975 முதல் 1977 வரை

அவசரநிலை ராணுவ ஆட்சி இல்லை, அந்த வித்தியாசத்தைச் சார்ட்டின் மேலேயே எழுதிவையுங்கள். ஆனால் அடிப்படை உரிமைகள் நின்று, பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி உள்ளே போன 21 மாதங்கள் அவை. ‘ரயில் நேரத்துக்கு வந்துச்சு, ஆபீஸ்ல எல்லாரும் பத்து மணிக்கு உக்காந்தாங்க’ என்று இன்றும் சொல்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.

சென்னைக்கு இதில் பல ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. 1976 ஜனவரி 31 வரை இங்கே ஆண்டது அவசரநிலையை எதிர்த்துத் தீர்மானம் போட்ட திமுக அரசு. அன்று அது கலைக்கப்பட்டது. ஆக, ஒரே அவசரநிலைக்குள் ஒரே ஊரில் இரண்டு ஆட்சிகள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். 1976 ஜனவரி, பிப்ரவரி மாதத் தமிழ் நாளிதழ்களைக் கேளுங்கள். பழைய இதழ்களுக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். ஒரே நாளிதழின் நான்கு வாரங்களை எடுத்துக்கொண்டு, அரசை விமர்சிக்கும் வரி எத்தனை, கைதுச் செய்தி எத்தனை, ‘சாதனை’ச் செய்தி எத்தனை என்று எண்ணுங்கள். கட்டுரைகளைவிட விலைப்பட்டியல், நீதிமன்றச் செய்தி, வாசகர் கடிதம் இவை அதிகம் பேசும். தணிக்கை அதிகாரி தலைப்புகளைப் பார்ப்பார், உள்பக்கம் தப்பும்.

1976 பிப்ரவரி 3 முரசொலி கிடைத்தால் விடாதீர்கள். அண்ணா நினைவு நாள். கைதானவர்கள் பட்டியலை வெளியிடத் தணிக்கை அனுமதிக்கவில்லை. அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாகப் பெயர்கள் வந்தன. யார் யார் உள்ளே என்று வாசகருக்குப் புரிந்துவிட்டது. தணிக்கையின் கீழ் ஒரு வாசகன் எப்படிப் படிப்பான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது அஞ்சலிச் செய்தி. அமைதியாகத் தெரியும் ஒரு ஊரை வெளியிலிருந்து பார்த்து ‘ஆதரிக்கிறார்கள்’ என்று எழுதுவதில் உள்ள ஆபத்தும் இதுதான்.

அடுத்து 1977 மார்ச் தேர்தல். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டின் 39-ல் அதிமுக, காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் அணிக்கு 34. அப்படியானால் தமிழர்கள் அவசரநிலையை ஆதரித்தார்களா? குழுவில் பாதிப்பேர் ‘ஆமாம்’ என்பார்கள். சார்ட்டை எடுங்கள். கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் கொடுமை வடக்கில் இருந்த அளவுக்கு இங்கே இல்லை, திமுக அரசு மீது சர்க்காரியா கமிஷன் விசாரணை நடந்துகொண்டிருந்தது, எம்.ஜி.ஆர். மீது இருந்த அன்பு தனி. கூட்டணிக் கணக்கு வேறு. இந்த நான்கு காரணங்களில் எதற்காக ஒருவர் ஓட்டுப் போட்டார் என்பது சீட்டில் இருக்காது. அதே சமயம் அன்றைய சென்னை மத்தியச் சிறையில் மிசா (விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம்) கைதிகள் அடிபட்டதும், முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களோடு இறந்துபோனதும், பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்துப் பதிவு செய்ததும் நடந்தவை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே தினமும் பஸ் ஏறி இறங்கியவர்களுக்கு அந்த மதிலுக்குள் நடந்தது எவ்வளவு தெரிந்திருந்தது? நான்காவது கட்டத்தை இங்கே நம் ஊர்க்காரர்களை வைத்தே நிரப்புங்கள். கொரியாக்காரியை எடைபோட்டது எளிது என்பது அப்போதுதான் உறைக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

ராணுவ ஆட்சியின் கீழ் வாழ்ந்து பார்த்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். 1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் பர்மாவைப் பிடித்தார். 1963, 64-ல் கடைகளும் வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். வியாசர்பாடி பக்கம் குடியமர்ந்தவர்களும், பீச் ஸ்டேஷன் எதிரே 1969-ல் உருவான பர்மா பஜாரில் கடை போட்டவர்களும் அவர்கள்தான். அங்கே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிக்காரரில் பலர் அடுத்த தலைமுறை. அவர்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கக்கூடும். காலம் குறைவு, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இருவராகப் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் குறிப்பெடுக்க. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். "பாட்டி, நே வின்னை ஜனங்க ஆதரிச்சாங்களா?" என்று கேட்டால், "அந்தப் பாவிதான் எங்களை நடுத்தெருவுல விட்டான்" என்பதோடு முடிந்துவிடும். அவர் சொல்வது நியாயம், ஆனால் நம் கேள்விக்கு அதில் பதில் இல்லை. இப்படிக் கேளுங்கள்: "உங்க கடையைப் பூட்டின அன்னைக்குத் தெருவுல யார் யார் நின்னாங்க?" "அப்புறம் அந்தக் கடை யார் கைக்குப் போச்சு?" "பக்கத்து வீட்டு பர்மாக்காரங்க என்ன சொன்னாங்க?" "அரிசி அப்போ என்ன விலை, அடுத்த வருஷம் என்ன விலை?" பெயரும் பொருளும் விலையும் கேட்டால் நினைவு விரியும். கருத்துக் கேட்டால் சுருங்கும்.

இங்கே நமக்குச் சங்கடமான ஓர் உண்மையையும் எடுத்துவைக்க வேண்டும். 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம், கடன் அடைபடாமல், செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பிள்ளைக்கு, இந்தியர் கடைகளை ராணுவம் எடுத்துக்கொண்டது கொள்ளையாகத் தெரிந்திருக்காது, நீதியாகத் தெரிந்திருக்கும். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலம் வைத்திருந்தவர்கள் அல்ல, கூலிகளும் சிறு கடைக்காரர்களும். ஆனால் கோபம் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை, தளபதிகளும் பார்க்க விடவில்லை. பழைய காயத்தின் மேல் நின்றுதான் இத்தகைய ஆட்சிகள் முதல் ஐந்து வருட ஆதரவைச் சம்பாதிக்கின்றன. அதே பர்மியர்கள் 1987 செப்டம்பரில் தங்கள் நோட்டுகளும் திடீரென்று செல்லாமல் போனபோதும், 1988 ஆகஸ்ட் 8 அன்று தெருவில் இறங்கியபோதும் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதைச் சார்ட்டில் அடுத்த வரியாக எழுதுங்கள். தேதி மாறினால் கட்டமே மாறும்.

பேட்டியில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. பெரியவருக்குப் பதிலாக மகனோ மருமகளோ பதில் சொல்லத் தொடங்குவார். மரியாதையாக, "அண்ணே, உங்ககிட்ட அப்புறம் தனியா கேட்டுக்கிறோம்" என்று சொல்லி, அப்படியே தனியாகக் கேளுங்கள். இரண்டாவது, "அப்போ எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு" என்ற வாக்கியம். அவசரநிலை பற்றிக் கேட்கும்போது இது கட்டாயம் வரும். "எந்த ஆபீஸ்ல ஐயா? என்ன வேலைக்குப் போனீங்க?" என்று ஒரு படி இறங்குங்கள். குறிப்பிட்ட நிகழ்ச்சி வந்தால் ‘அனுபவம்’ என்று குறியுங்கள். வராவிட்டால் ‘கேள்விப்பட்டது’ என்று குறியுங்கள்.

கையும் சீட்டும்

பயம் எவ்வளவு என்று அளப்பது கடினம். பெரிய ஆய்வுகளில் ஒரு வழி உண்டு: பாதிப்பேருக்கு நான்கு வாக்கியம், பாதிப்பேருக்கு அதே நான்கோடு ‘அதிபரை ஆதரிக்கிறேன்’ என்பதும் சேர்த்து ஐந்து. எத்தனை வாக்கியம் உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும். இரு சராசரிகளின் வித்தியாசம், பயமில்லாத ஆதரவு. ஆர்வக் கோளாறில் இதை நாற்பது பேரிடம் செய்யாதீர்கள். பக்கத்துக்கு 20 பேர் என்றால், பதில்கள் சராசரியிலிருந்து ஏறக்குறைய ஒரு வாக்கியம் விலகும் என்று வைத்தாலும், பிழை 30 சதவீதப் புள்ளிக்கு மேல். பக்கத்துக்கு 500 பேர் இருந்தால்தான் ஆறு புள்ளிக்கு இறங்கும்.

உங்கள் அறையில் செய்யக்கூடியது எளிது. ‘பத்து வருடம் ராணுவ ஆட்சி நாட்டுக்கு நல்லதா?’ என்று முதலில் கை தூக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே அளவுச் சீட்டு, ஒரே நிறப் பேனா, டப்பாவில் போடச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் மாறியது என்று பாருங்கள். சென்னையின் படித்த வட்டங்களில் கை குறைவாகவும் சீட்டு அதிகமாகவும் வருவதற்கு வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அங்கே வெட்கம் மறுபக்கம் வேலை செய்கிறது. வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு என்றால் முடிவை அறிவிக்காதீர்கள். அந்த ஒருவரைத் தேடும் வேலை உடனே தொடங்கிவிடும்.

அடுத்தவர் என்ன செய்கிறார் என்பது எவ்வளவு கனமானது என்பதற்கு ஏல் பல்கலைக்கழகத்தில் 1961-ல் தொடங்கிய மில்கிராம் சோதனைகளைச் சொல்லலாம். ஆணைக்குப் பணிந்து, இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே கடைசி வோல்ட் வரை போனவர்கள் 40-ல் 26 என்பதை எல்லோரும் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்த இருவர் மறுத்து எழுந்த வடிவத்தில், கடைசி வரை போனவர்கள் 40-ல் நான்கே பேர். ஆட்சிகள் ஏன் முதலில் மறுப்பவரை அவ்வளவு கடுமையாகத் தண்டிக்கின்றன என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

சீருடை மேல் ஏன் இந்த நம்பிக்கை

சென்னைக்காரர் ராணுவத்தைப் பார்ப்பது வெள்ளத்தில்தான். 2015 டிசம்பரில் படகோடு வந்தார்கள், மொட்டை மாடியிலிருந்து ஆளைத் தூக்கினார்கள், காசு கேட்கவில்லை. அந்த நன்றி உண்மையானது, அதைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆனால் குழுவிடம் கேளுங்கள்: மூழ்குபவரைத் தூக்குவதில் இலக்கு ஒன்றே. தண்ணீர் வடிந்த பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளை எங்கே அனுப்புவது, பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் வேலைக்கு எப்படி வருவார்கள், ஆற்றை மறித்த பெரிய கட்டடத்தை யார் இடிப்பது? இங்கே யாரோ ஒருவர் இழந்தே ஆக வேண்டும். இழப்பவர் கத்த இடம் வேண்டும். கட்டளைக்குப் பழகிய அமைப்பில் அதற்கு இடம் கிடையாது.

ஆட்சி கையில் கிடைத்த ராணுவம் ராணுவமாக மட்டும் இருப்பதில்லை என்பதையும் காட்டுங்கள். பாகிஸ்தானில் 1954 முதல் இருக்கும் ஃபௌஜி அறக்கட்டளை உரம், சிமெண்ட், காலை உணவு தானியம் வரை நடத்துகிறது. பர்மாவில் ராணுவத்தின் நிறுவனங்கள் பீர் முதல் மாணிக்கக்கல் வரை. சிப்பாய், அவர் குடும்பம், ஓய்வுபெற்றவர், அங்கே வேலை பார்ப்பவர், சரக்குக் கொடுப்பவர் என்று ஒவ்வொருவரையும் சார்ட்டில் தனி வரியாக எழுதினால், ஆதரவில் ஒரு பெரிய பகுதி சம்பளப் பட்டியல் என்பது தெரியும். ஜியா 1977 ஜூலையில் 90 நாளில் தேர்தல் என்றார். 1988 ஆகஸ்டில் விமான விபத்தில் சாகும்வரை பதவியில் இருந்தார். 1999 அக்டோபரில் தளபதி முஷாரஃப் ஆட்சிக்கு வந்தபோது லாகூரில் இனிப்புக் கொடுத்தார்கள். எட்டாவது வருடம் வக்கீல்கள் கறுப்புக் கோட்டோடு அதே தெருவில் அவரை எதிர்த்து நடந்தார்கள்.

கடைசி அமர்வு: ஒரே மைதானம், மூன்று தேதி

பலகையில் மூன்று தேதி எழுதுங்கள். 1982 மார்ச் 30, ஏப்ரல் 2, ஜூன் 14. ஊர் புவனோஸ் அயர்ஸ், இடம் மே சதுக்கம். 1976 முதல் ஆண்ட அர்ஜென்டினாத் தளபதிகள் ஆயிரக்கணக்கானவர்களைக் காணாமல் போகவைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனை ராத்திரி காரில் ஏற்றிப்போனபோது தெருவில் பலர் சொன்னது, ‘ஏதாவது இருந்திருக்கும்’ என்பதுதான். நம் தெருவில், "ஒண்ணுமே பண்ணாமலா போலீஸ் தூக்கும்?" என்கிறோமே, அதேதான். நம்மைக் காப்பாற்றிக்கொள்ள நாமே கட்டிக்கொள்ளும் கணக்கு: அவன் ஏதோ செய்தான், நான் செய்யவில்லை, ஆகவே என்னைத் தூக்கமாட்டார்கள்.

மார்ச் 30 அன்று தொழிற்சங்கங்கள் அந்தச் சதுக்கத்தை நோக்கி ஆட்சியை எதிர்த்து நடந்தன, அடித்துக் கலைக்கப்பட்டன. ஏப்ரல் 2 அன்று ராணுவம் பிரிட்டன் வசமிருந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளைப் பிடித்தது. அதே சதுக்கம் ஆரவாரத்தால் நிறைந்தது. ஜூன் 14 அன்று தோல்வி, சரணடைதல். அடுத்த நாள் அங்கே கல் பறந்தது, சில நாளில் அதிபராக இருந்த தளபதி கால்டியேரி பதவி விலகினார். குழுவிடம், "எழுபத்தாறு நாளில் மக்கள் இரண்டு முறை மாறினார்களா?" என்று கேளுங்கள். மால்வினாஸ் தங்களுடையது என்று அங்கே பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்து வளர்ந்த தலைமுறைகள் அவை. ஆரவாரம் செய்தவர்களில் ஒரு பகுதி தீவுக்குத்தான் கைதட்டியது, தளபதிக்கு அல்ல. மாடத்தில் நின்றவர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். 1977 தேர்தலின் தமிழ்நாட்டு ஓட்டுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதிவுகளைப் பத்திரப்படுத்துவது

பேட்டிகளை மொபைலில் பதிவு செய்தால் அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். கோப்பின் பெயரில் ஆள் பெயர் வேண்டாம். எண்ணும் தேதியும் போதும். எண்ணுக்கு யார் என்ற பட்டியலைத் தனி நோட்டில் கையால் எழுதி ஒருவரிடம் மட்டும் வையுங்கள். பேசியவரிடம் இரண்டு முறை அனுமதி கேளுங்கள்: தொடங்கும்போது ஒரு முறை, எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு ஒரு முறை. படித்துக் காட்டும்போது சிலர் சில வரிகளை எடுக்கச் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள், வாதாடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பதிவையும் போடாதீர்கள். பர்மாவில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது, 2024-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வியாசர்பாடிப் பாட்டியின் அக்கா பேரன் இன்னும் யாங்கூனில் இருக்கலாம். தெருப் பெயர், கடைப் பெயர், கப்பலேறிய தேதி இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தை அடையாளம் கண்டுவிடலாம், ஆகவே வெளியிடும் பிரதியில் மூன்றில் இரண்டையாவது எடுத்துவிடுங்கள். முழுப் பிரதியை ஆய்வு நூலகம் ஏதாவது வாங்கிக்கொள்ளுமா என்று தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். கொடுப்பதானால், எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கலாம் என்பதைப் பேசியவரையே கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொடுங்கள்.